கடன் எடுத்தது அவர், கதவு தட்டுவது நம் காம்பராவில்



சம்பள நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வருவார். தோளில் ஒரு பை, கையில் ஒரு கட்டுக் கடதாசி. பீலிக்கரையில் நிற்கிறவர்களிடம் "இன்னாருடைய வீடு எது?" என்று கேட்பார். நம் ஆட்கள் உதவி செய்யும் குணம் உள்ளவர்கள் அல்லவா, நாலு பேர் சேர்ந்து கை காட்டி விடுவார்கள். அந்த இன்னார் வீட்டை விட்டுப் போய் வருஷக் கணக்காகியிருக்கும். காம்பராவில் இருப்பது அவர் விட்டுப்போன மனைவியும் பிள்ளைகளும்தான். வந்தவருக்கு அது கணக்கில்லை. அவருடைய கடதாசியில் இந்த முகவரி இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தொல்லை நம் பகுதியில் கூடிக்கொண்டு வருகிறது. இந்த வருஷம் என்னிடம் வந்த குடும்பப் பிரச்சினைகளில் பல இப்படிப்பட்டவைதான். ஆகவே இந்த முறை பாடம் இதைப் பற்றியது. பிரிந்து போன கணவனோ மனைவியோ நம் முகவரியைக் கொடுத்துக் கடன் எடுத்தால் நாம் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பார்ப்போம்.

ஓர் அக்காவின் கதை

பக்கத்து டிவிஷனில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். கணவர் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போனவர், முதல் வருஷம் பணம் அனுப்பினார், பிறகு வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். ஊர்ப் பக்கம் வருவதே இல்லை. நாலு வருஷம் கழித்து ஒரு நாள் பினான்ஸ் கம்பனியிலிருந்து ஆள் வந்து, "உங்க வீட்டுக்காரர் ஆட்டோ லீசிங்ல மூணு மாசம் கட்டல்ல" என்று சொல்லியிருக்கிறார். வாசலில் பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அன்று எடுத்த சம்பளத்தில் மூவாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். "மானம் போகக் கூடாதுன்னுதான் சேர் குடுத்தேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த மூவாயிரம்தான் பிழை. கடன் கட்டாத ஆளைத் தேடித் திரிகிற கம்பனிக்கு, கேட்டால் கொடுக்கிற ஒரு கை கிடைத்துவிட்டது. அடுத்த மாதமும் வந்தார்கள். அப்போது கையில் பணம் இல்லை என்றதும், "அடுத்த சம்பளத்துல கட்டுறேன்னு இதுல ஒரு கையொப்பம் போடுங்க" என்று ஒரு கடதாசியை நீட்டியிருக்கிறார்கள். அது சிங்களத்தில் இருந்திருக்கிறது. நல்ல வேளை, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் "அம்மா, வாசிக்காம போடாதீங்க" என்று தடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் புத்தியால்தான் நாம் இன்று இந்த விஷயத்தை இலேசாக முடிக்க முடிந்தது.

முகவரி வேறு, கையொப்பம் வேறு

முதலில் இதை மனதில் வையுங்கள். கடன் ஒரு ஆளின் மேல் ஏறுவது, அவர் கடன் ஒப்பந்தத்தில் கையொப்பம் வைத்ததால். கடன் வாங்கியவராகவோ பிணையாளாகவோ நீங்கள் கையொப்பமோ கைநாட்டோ வைத்திருக்காவிட்டால், முகவரி உங்களுடையது என்பதற்காக அந்தக் கடன் உங்களுடையது ஆகாது. லயத்துக்கும் காம்பராவுக்கும் கடன் கிடையாது.

"கட்டின பொண்டாட்டிதானே, புருஷன் கடன நீங்கதான் கட்டணும்" என்று சிலர் சொல்லுவார்கள். அது சட்டமில்லை. நம் நாட்டில் கணவன் சொத்து வேறு, மனைவி சொத்து வேறு என்று 1923ஆம் ஆண்டு மணமான பெண்களின் சொத்து பற்றிய சட்டம் வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. அவர் தன் பெயரில் எடுத்த லீசிங்குக்கும் தொலைபேசிக்கும் நீங்கள் பொறுப்பில்லை. விவாகரத்து எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் இதுதான் நிலை. பதிவு இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் நம் தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

ஆனால் கையொப்பம் வைத்திருந்தால் கதை வேறு. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னொரு டிவிஷனில் ஒரு அண்ணன். அவருடைய மனைவி குழுக் கடன் எடுத்தார். அப்போது புருஷனும் கையொப்பம் வைக்க வேண்டும் என்று கேட்டதால் இவரும் வைத்தார், பிணையாள் என்று. மனைவி பிறகு வெளிநாட்டுக்குப் போய்த் தொடர்பை அறுத்துக்கொண்டார். இந்த அண்ணன் "அவ எடுத்த கடன், எனக்கென்ன" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார். நியாயம் அவர் பக்கம் இருக்கலாம், கடதாசி அவர் பக்கம் இல்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில், கடன் எடுத்தவரை விட்டுவிட்டு நேரே பிணையாளிடம் வரலாம் என்றே எழுதியிருக்கும். அவருக்கு நான் சொன்னது: ஒளிய வேண்டாம், கம்பனிக்குப் போய் மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், தண்டவட்டியைக் குறைத்துச் சிறிய தவணையாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அப்படியே செய்தார். இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். எனக்கும் கவலைதான்.

ஆகவே வருகிற ஆளிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இதுல என் கையொப்பம் இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்றால் ஒப்பந்தத்தின் போட்டோ கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். பிணையாளுக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு. காட்டிய கையொப்பம் உங்களுடையது இல்லை, வேறு யாரோ உங்கள் பெயரில் வைத்தது என்றால் அது கள்ளக் கையொப்பம், குற்றம். உடனே பொலிசில் முறைப்பாடு கொடுத்து அதன் பிரதியை எடுத்துக்கொள்ள வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். தமிழில் எழுத ஆள் இல்லை என்றால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையொப்பம் வைக்காதீர்கள்.

வாசலில் வந்தால்

சத்தம் போட வேண்டாம், சண்டை வேண்டாம். வருகிற தம்பியும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான். அவருடைய பெயர், கம்பனியின் பெயர், கிளை, அடையாள அட்டை இவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் எழுதித் தருவார்கள். பிறகு ஒரே ஒரு வசனம் போதும்: "அவரு இங்க இல்லீங்க, போயி இத்தன வருஷமாச்சு. எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. நான் இதுல கையெழுத்து வைக்கல்ல." அதற்கு மேல் கதை சொல்லப் போனால் நீங்கள் அறியாமலே ஏதாவது ஒத்துக்கொண்டு விடுவீர்கள்.

பணம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். "வந்ததுக்கு ஐந்நூறாவது தாங்க" என்றாலும் வேண்டாம். அவர் கொண்டுவரும் புத்தகத்திலோ தாளிலோ, "வந்து பார்த்தேன் என்பதற்குத்தான்" என்று சொன்னாலும் கையொப்பம் வைக்காதீர்கள். உங்கள் அடையாள அட்டையைக் கையில் கொடுக்காதீர்கள், தொலைபேசியில் படம் எடுக்க விடாதீர்கள்.

டிவியையும் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு போவோம் என்று பயம் காட்டியதாக ஒரு தங்கச்சி அழுதுகொண்டு வந்தார். கம்பனி ஆளுக்கு அந்த அதிகாரம் இல்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, நீதிமன்றத்தின் பிஸ்கல் உத்தியோகத்தர் கட்டளையோடு வந்தால்தான் பொருளில் கை வைக்கலாம். அப்போதும் கடன்காரருடைய பொருளில்தான். பொருள் உங்களுடையது என்றால் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். அதனால்தான் சாமான் வாங்கும்போது பில்லை உங்கள் பெயரில் எழுதச் சொல்லி, கிழிந்து போகாமல் வையுங்கள் என்று எப்போதும் சொல்கிறேன். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது, அதை எந்தக் கடனுக்கும் யாரும் எடுக்க முடியாது. ஆனால் லீசிங் ஆட்டோ உங்கள் வாசலில் நின்றால் அதைப் பற்றி வாய் திறக்காதீர்கள். அது கம்பனியின் சொத்து, கொண்டு போகட்டும்.

செக்ரோலில் வெட்டிவிடுவார்கள் என்றும் ஒரு பயம் இருக்கிறது. உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவருடைய கடனுக்கு உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. ஆபீசில் யாராவது அப்படிச் சொன்னால் என்னிடமோ உங்கள் சங்கத் தலைவரிடமோ சொல்லுங்கள்.

கடிதம் வந்தால்

நம் முகவரி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். ஒரு டிவிஷனில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் ஏறக்குறைய ஒரே முகவரி. கடிதமெல்லாம் ஆபீசுக்கு வந்து அங்கிருந்து யார் கையிலாவது போகும். சில இடங்களில் முக்கியமான கடிதம் மேசையிலேயே வாரக் கணக்காகக் கிடந்து, வழக்குத் தவணை முடிந்த பிறகு கைக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இது நீண்ட காலக் குறை. ஆகவே, "எனக்குக் கடிதம் ஏதும் வந்திருக்கா?" என்று வாரம் ஒரு தரம் ஆபீசில் கேட்கும் பழக்கம் வேண்டும்.

அவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காதீர்கள், கிழிக்காதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். பதிவுத் தபால் என்றால் அவருக்காக நீங்கள் கையொப்பம் வைத்து எடுக்கவே கூடாது. "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லித் தபால்காரரிடம் கொடுத்து விடுங்கள். அனுப்பிய கம்பனியின் பெயர் உறையின் வெளியே இருக்கும், அதை மட்டும் கொப்பியில் குறித்து வையுங்கள். ஆனால் உறையில் உங்கள் பெயர் இருந்தால், அதிலும் நீதிமன்ற அழைப்பாணை என்றால், அன்றைக்கே பிரித்து அன்றைக்கே யாரிடமாவது காட்ட வேண்டும். சமன்ஸுக்குப் போகாமல் இருந்தால், உங்கள் பக்க நியாயத்தைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். கையொப்பம் வைக்காத ஆள்கூட அப்படி மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது, நாமே கம்பனிக்கு எழுத வேண்டும். வாயால் பத்துத் தரம் சொன்னது நிற்காது, ஒரு பதிவுத் தபால் நிற்கும். அந்த அக்காவுக்கு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"முகாமையாளர் அவர்களுக்கு. மேற்படி முகவரியில் நான் என் பிள்ளைகளுடன் வசிக்கிறேன். இன்னார் என்பவர் இன்ன வருடம் முதல் இந்த முகவரியில் வசிக்கவில்லை. அவர் இப்போது வசிக்கும் இடம் எனக்குத் தெரியாது. அவர் உங்கள் நிறுவனத்தில் பெற்ற கடனில் நான் கடனாளியாகவோ பிணையாளாகவோ கையொப்பம் இடவில்லை. அப்படி ஏதும் இருப்பதாக நீங்கள் கூறினால் அந்த ஆவணத்தின் பிரதியை எனக்கு அனுப்பவும். இல்லையெனில் உங்கள் பதிவில் இருந்து இந்த முகவரியை நீக்கி, இனிமேல் அவருடைய கடன் சம்பந்தமாக உத்தியோகத்தர்களை என் வீட்டுக்கு அனுப்பாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்ன திகதியில் நான் கொடுத்த மூவாயிரம் ரூபாய் கடனை ஏற்றுக்கொண்டு கொடுத்தது அல்ல."

கடைசி வசனம் அந்த அக்காவின் விஷயத்துக்காகச் சேர்த்தது. பணம் கொடுக்காதவர்கள் அதை விட்டுவிடலாம். கடிதத்தோடு அடையாள அட்டைப் பிரதி வைக்க வேண்டியதில்லை. தபால் கந்தோரில் தரும் துண்டையும் கடிதத்தின் பிரதியையும் ஒன்றாகப் பின் பண்ணி வையுங்கள். தமிழில் எழுதினால் போதும்.

கடிதத்துக்குப் பிறகும் தொல்லை நிற்கவில்லை என்றால், கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று பார்க்க வேண்டும். பெற்றது என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி 1935. முதலில் கம்பனிக்கு எழுதினீர்களா என்று அங்கே கேட்பார்கள், அப்போது அந்தத் துண்டு உதவும். கடன் அறவிடும்போது மிரட்டுவதும் தொந்தரவு கொடுப்பதும் கூடாது என்று மத்திய வங்கி 2023ஆம் ஆண்டு கொண்டுவந்த ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. அனுமதி இல்லாத கந்துவட்டி ஆள் என்றால் பொலிஸ்தான் வழி.

அவர் ஏன் இந்த முகவரியைக் கொடுக்கிறார்?

எல்லோரும் வேண்டுமென்று செய்வதில்லை, இதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் நிற்கிற ஆளுக்கு அங்கே நிரந்தர முகவரி இல்லை. அறை வாடகைக்குக் கொடுத்தவர் கடதாசி கொடுக்க மாட்டார். அடையாள அட்டையிலும் வாக்காளர் இடாப்பிலும் இருப்பது தோட்டத்து முகவரிதான். கடன் படிவத்தில் அதையே எழுதி விடுகிறார். ஆனால் கட்ட மாட்டேன் என்று தெரிந்துகொண்டே, தேடி வருகிறவன் மனைவி வாசலில் நிற்கட்டும் என்று கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த வகையானாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வருஷா வருஷம் வாக்காளர் இடாப்பு திருத்தும் நேரத்தில் வீட்டில் இல்லாதவரின் பெயரைப் படிவத்தில் எழுதாதீர்கள். உங்கள் பெயர் விடுபடாமல் பாருங்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதிக்கும் அது வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டத்து ஆபீசிலும் அவர் இங்கே வசிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்து, அவர் வந்து வதிவிடக் கடிதம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பெரிய கிளாக்கர் ஐயாவிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

"நம்ம பேரும் கிரிப்ல கெட்டுப் போகுமா சேர்?" என்று கேட்கிறார்கள். கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். அங்கே கணக்கு அடையாள அட்டை இலக்கத்தின்படிதான், முகவரியின்படி அல்ல. ஒரே லயத்தில் இருப்பதால் உங்கள் பெயர் கெடாது. சந்தேகம் என்றால் உங்கள் சொந்த அறிக்கையை வங்கி மூலம் எடுத்துப் பார்க்கலாம். நீங்கள் எடுத்த கடன், பிணை நின்ற கடன் இரண்டும் அதில் தெரியும். உங்களுக்குத் தெரியாத கடன் உங்கள் இலக்கத்தில் இருந்தால் அங்கேதான் பிடிபடும். ஆனால் ஊருக்குள் வட்டிக்குக் கொடுக்கிறவர்களின் கணக்கு அதில் வராது. அறிக்கை சுத்தமாக இருக்கிறது என்பதற்காக எல்லாம் சுத்தம் என்று எண்ண வேண்டாம்.

அடையாள அட்டையின் போட்டோ கொப்பியை அவர் வீட்டில் இருந்த காலத்தில் எங்கெங்கோ கொடுத்திருப்பார், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இனிமேல் கொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே என்ன தேவைக்கு, எந்தத் திகதியில் என்று எழுதிக் கொடுங்கள்.

அவரே வந்து, "இதுல ஒரு கையொப்பம் வச்சிடு, இல்லாட்டி பாத்துக்க" என்று பயம் காட்டினால் அது வெறும் குடும்பச் சண்டை இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிரிந்த கணவனுக்கு எதிராகவும் கேட்கலாம். பெண்கள் உதவிக்கான தொலைபேசி 1938. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற இடங்களில் இருக்கின்றன.

அந்த அக்காவின் விஷயம் என்ன ஆனது? கடிதம் போட்ட பிறகு கம்பனியிலிருந்து பதில் வரவில்லை, ஆனால் ஆளும் வரவில்லை. ஒரு நல்லதும் நடந்தது. முதல் தரம் வந்த தம்பி வாய்தவறி, கணவர் எந்த ஆட்டோ தரிப்பிடத்தில் ஓடுகிறார் என்று சொல்லியிருந்தார். மகள் அதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். நாலு வருஷமாக ஆள் எங்கே என்று தெரியாததால்தான் பிள்ளைகளுக்குத் தாபரிப்புக் கேட்க முடியாமல் இருந்தது. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் இப்போது வழக்குப் போட்டிருக்கிறார். சமன்ஸ் அந்தத் தரிப்பிடத்துக்கே போயிருக்கிறது.

கடிதம் எழுத உதவி வேண்டியவர்கள் செவ்வாயும் வியாழனும் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு என் அறைக்கு வரலாம். வரும்போது கம்பனி கொடுத்த துண்டுகள், உறைகள் எதுவும் இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அடுத்த கடிதத்தை அந்தப் பிள்ளையே எழுதும்.